கை வைப்பியாம்மா?

பேசச் சொல்லிட்டீங்க, பேசுறேன். நடுவுல யாரும் போனை நோண்டக் கூடாது. நோண்டினா பேரைச் சொல்லிக் கூப்புடுவேன், எனக்கு எல்லார் பேரும் தெரியும்.

போன வாரம் நான் இங்க வந்தது கேன்டீன் போண்டாவுக்குன்னுதான் எல்லாரும் நினைச்சிங்க. பாதி உண்மைதான். மீதிப் பாதி, நான் ரிட்டயர் ஆன பொறவு நம்ம சிமுலேஷன் ரூம் எப்படி இருக்குன்னு பாக்கணும்னு ஆசை. உள்ள வந்து பின்னாடி நின்னேன். ஒரு தங்கச்சி ஸ்கிரிப்ட்ட ஓட வுட்டுக்கினு இருந்தா. சாஃப்ட்வேர் தானா தொறக்குது, மாடல் தானா திரும்புது, நம்பருங்க கடகடன்னு எறங்குது. எனக்கு அப்படியே புல்லரிச்சிப் போச்சு. எத்தினி வருஷம் பாத்தாலும் எனக்கு அது சலிக்கவே சலிக்காது.

எல்லாம் முடிஞ்சதும் கறுப்பு ஜன்னல்ல ஒரு கேள்வி வந்து நின்னுச்சி. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்க் கேள்வி: 'கை வைப்பியா?' பக்கத்துல ஆமான்னா ஒய், இல்லன்னா என். தங்கச்சி பாக்கக்கூட இல்ல, ஒய் தட்டிட்டு டீக்கு எழுந்துட்டா.

"இது இன்னாமா?"ன்னேன்.

"தெரியல மேடம். யாரோ பழைய ஆளு காமெடிக்கு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காங்க. எடுத்தா ஸ்கிரிப்ட் நின்னுடுமோன்னு யாரும் தொடறதில்ல."

காமெடியாம்! அடிப்பாவின்னு சிரிச்சேன் பாருங்க, போண்டா பொரை ஏறிடுச்சி. ஊட்டுக்குப் போய் படுத்தா சிரிப்பு வரல. அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி இன்னா இருக்குன்னு சொல்லாம நான் ரிட்டயர் ஆனதே தப்புன்னு தோணுச்சி. அதான் இன்னிக்கி வந்து நிக்கிறேன்.

அது கொரோனாவுக்கு முன்னாடி. அப்போ இந்த ரூம்ல நாங்க ரெண்டே பேர், நானும் முரளியும். முரளி ஆரம்பாக்கம் பையன், ஊட்ல தெலுங்கு. சந்தோஷம் வந்தாலும் 'நைனா'ம்பான், வயித்து வலி வந்தாலும் 'நைனா'ம்பான். நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு அந்தாண்ட காலனி. எங்கப்பா ரோலிங் மில்லுல இரும்பு தட்டினவரு, நான் கம்ப்யூட்டர்ல இரும்பத் தட்டினேன், அவ்ளோதான் வித்தியாசம்.

எங்க வேலை இன்னான்னா, கீழ ஷாப்ல செய்ற பெரிய பெரிய கெமிக்கல் டேங்க தூக்கறதுக்கு முன்னாடி, அது தாங்குமா தாங்காதான்னு கம்ப்யூட்டர்ல தூக்கிப் பாக்கறது. படுத்துக்கினு இருக்கற டேங்க நிக்க வெக்கணும்னா, மேல இரும்புக் காது ரெண்டு வெல்டு பண்ணி அதுல கொக்கி மாட்டுவாங்க. பெரிய கிரேன் தலையத் தூக்கும், சின்ன கிரேன் காலைப் புடிச்சிக்கும். படுத்த நிலை, கொஞ்சம் சாய்ஞ்ச நிலை, பாதி எழுந்த நிலைன்னு ஒவ்வொரு கோணத்துலயும் அந்தக் காது மேல பளு மாறிக்கினே இருக்கும். ஒவ்வொரு கோணத்துக்கும் மாடலத் திருப்பணும், மெஷ் போடணும், அதாவது மாடல சின்னச் சின்னக் கட்டமா பிரிக்கணும், ஓட்டணும், நம்பர எழுதணும். எல்லாம் கையால. மவுச தட்டித் தட்டி என் ஆள்காட்டி வெரல் மரத்துப் போயிடும். ஒரு டேங்குக்கு ஒரு வாரம் போயிடும், அதுக்குள்ள கஸ்டமரு டிராயிங்க மாத்தி அனுப்பிடுவாரு. பேஜாரு புடிச்ச பொழப்பு.

அப்பதான் முரளி, நாம தட்டறதெல்லாம் கம்ப்யூட்டரே தட்டிக்கற மாதிரி பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுதலாம்க்கான்னான். எழுதினான். மொத நாள் ஓட வுட்டப்ப நீங்க பாக்கணுமே! மவுச யாரும் தொடல. ஜன்னல் தானா தொறக்குது, டேங்க் தானா சாயுது, கலர் தானா மாறுது. கூட்டற அம்மா எட்டிப் பாத்துட்டு, "இன்னாமா, பேய் கீய் பூந்துடுச்சா?"ன்னுச்சு. ஷாப்புலருந்து வெல்டருங்கலாம் வந்து கதவாண்ட கூடிட்டாங்க. நானும் முரளியும் சின்னப் பசங்க மாதிரி குதிக்கிறோம். மேனேஜர் வந்து, "ஆபீசா இது, திருவிழாவா?"ன்னு கேட்டுட்டு, அவரும் நாற்காலி இழுத்துப் போட்டு குந்திட்டாரு. அந்த சந்தோஷத்துக்கு ஈடே கெடையாதுபா.

ஒரே ஒரு கொடைச்சல். நடுவுல எங்கனா ஒரு கோணத்துல மெஷ் வுழலன்னா ஸ்கிரிப்ட் அப்படியே நின்னுடும். சாயங்காலம் ஓட வுட்டுட்டு ரயிலப் புடிச்சிப் போனா, காலைல வந்து பாத்தா மூணாவது கோணத்துலயே செத்துக் கெடக்கும். முரளி கடுப்பாகி, 'தப்பு வந்தா நிக்காத, அடுத்ததுக்குப் போ'ன்னு ஒரு வரி சேத்துட்டான். அதுக்கப்புறம் அது நின்னதே இல்ல. எங்களுக்கும் ரொம்ப சௌகரியமா இருந்துச்சி.

இப்போ தாசண்ணனப் பத்திச் சொல்லணும். தாசண்ணன் எங்க யார்டுக்கு ரிக்கிங் மேஸ்திரி. தூக்கறது, இறக்கறது, கயிறு புடிக்கிறது எல்லாம் அவரு கேங்கு. எங்க காலனிதான், ஞாயித்துக்கெழம சர்ச்சுல எனக்கு முன் பெஞ்சு. பாட்டுல சுதி சேரவே சேராது, ஆனா சத்தம் மட்டும் யார்டு வரைக்கும் கேக்கும்.

அவரு கேங்குக்கு ஒரு வழக்கம். கணக்குப் போட்ட இன்ஜினியரு யார்டுக்கு எறங்கி வரணும். கொக்கி மாட்டினப் பொறவு, தூக்கறதுக்கு முன்னாடி, டேங்கு மேல வெறுங்கைய வெக்கணும். தாசண்ணன் கேப்பாரு: "கை வைப்பியாம்மா?" "வைக்கிறேன்ணே"ன்னு சொல்லி கைய வெச்சாத்தான் அவரு விசில் ஊதுவாரு. அந்த விசில் இல்லாம எந்த ஆபரேட்டரும் லிவர அசைக்க மாட்டான். வேற ஒரு யார்டுல அவரு மச்சானுக்கு கால் போனதாம். கணக்குப் போட்ட ஆளு அன்னிக்கி ஏசி ரூம்ல இருந்தானாம், பேருகூட யாருக்கும் தெரியலியாம். அன்னிலேருந்து தாசண்ணன் இப்படி. வந்த புதுசுல இது இன்னாடா மூட நம்பிக்கைன்னு நான்கூட சிரிச்சிருக்கேன். அப்புறம் பழகிடுச்சி, போய் வெச்சிட்டு வந்துடுவேன்.

அந்த நாளுக்கு வர்றேன். ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு குண்டு டேங்க் ஒண்ணு. உள்ள தட்டுங்க பொருத்தணும், அதுக்கு நிக்க வெச்சாகணும். பெரிய கிரேன் வெளியிலேருந்து வாடகைக்கு வந்து நிக்குது. கஸ்டமரோட ஆளு வெள்ள ஹெல்மெட்டு போட்டுக்கினு காலைலயே வந்துட்டாரு. முந்தின நாள் சாயந்தரமே ஸ்கிரிப்ட்ட ஓட வுட்டுட்டோம். காலைல வந்து பாத்தா எல்லா கோணமும் முடிஞ்சி கிராஃப் கூட போட்டு வெச்சிருக்கு. அழகுன்னா அழகு, கண்ணுல ஒத்திக்கலாம். காது மேல பளு ஒசந்து போவுது, உச்சியத் தொடுது, எறங்குது. உச்சி கூட விதி சொல்ற அளவுக்குக் கீழதான் இருக்கு. மேனேஜர், "தூக்குங்க"ன்னுட்டாரு. முரளி, "நைனா!"ன்னு நாற்காலில ஒரு சுத்து சுத்தினான்.

கிராஃப் பேப்பர எடுத்துக்கினு யார்டுக்கு நடந்தேன். வெயில் மண்டையப் பொளக்குது. பேப்பராலயே விசிறிக்கினு போறேன், நடுவுல நடுவுல பாத்து ரசிச்சிக்கினும் போறேன். நம்ம புள்ள மார்க்கு வாங்கின பேப்பரு மாதிரி. அப்படி பாக்கும்போதுதான், உச்சியில ஒரு எடத்துல கோடு தட்டையா இருக்கறது தெரிஞ்சிது. ஒரு கோணத்துலேருந்து அடுத்த கோணம் வரைக்கும் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. மொதல்ல ஒண்ணும் தோணல. பத்தடி போனப்புறம் நின்னுட்டேன்.

பேப்பர் ஓரத்துல நம்பருங்களும் இருந்துச்சி. பாத்தேன். ரெண்டு கோணத்துக்கும் ஒரே நம்பர். புள்ளிக்கு அப்புறமும் அதே. கடைசி இலக்கம் வரைக்கும் அதே.

டேங்கு சாய்மானம் மாறுது, கொக்கி இழுக்கற தெசை மாறுது, எல்லாம் மாறும்போது காது மேல பளு மட்டும் எப்பிடி மாறாம இருக்கும்? பக்கத்து ஊட்டுக்காரனுக்கும் எனக்கும் கரண்டு பில் ஒரே மாதிரி வரலாம், பைசா வரைக்கும் ஒண்ணா வந்தா மீட்டர சந்தேகப்பட மாட்டோமா?

யார்டுக்குப் போயிட்டேன். கொக்கி மாட்டியாச்சு. தாசண்ணன் ஆளுங்க ரெண்டு பக்கமும் கயிறு புடிச்சிக்கினு நிக்கிறாங்க. டேங்கு ஆடாம இருக்கறதுக்கு அவங்க கிட்டக்கதான் நின்னாகணும், வேற வழி இல்ல. ஒருத்தன் என்னப் பாத்து, "மேடம், சீக்கிரம் வையுங்க, நாஷ்டாகூட துன்னல"ன்னு கலாய்க்கிறான். எல்லாரும் சிரிக்கிறாங்க. பின்னாடியே மேனேஜரும் வெள்ள ஹெல்மெட்டும்.

தாசண்ணன் கேட்டாரு. "கை வைப்பியாம்மா?"

என்கிட்ட ப்ரூஃப் எதுவும் இல்ல. தட்டையா ஒரு கோடு, அவ்ளோதான். நான் நினைக்கிறது தப்பாக்கூட இருக்கலாம். கிரேன் திரும்பிப் போனா மேனேஜருக்கு மேல எடத்துல செம டோஸ் வுழும். கைய வெச்சிட்டா எல்லாம் சுலபம். ஆனா கயிறு புடிச்சிக்கினு சிரிக்கிற அந்தப் பசங்க மூஞ்சி என் எதிர்லயே இருக்கு.

"இல்லண்ணே. வைக்க மாட்டேன்"னேன்.

தாசண்ணன் ஏன்னு கேக்கல. விசில கழுத்துலேருந்து கழட்டி பாக்கெட்டுல போட்டுக்கினாரு. "கயித்த வுடுங்கடா, போய் நாஷ்டா துன்னுங்க"ன்னாரு.

மேனேஜர்தான் எகிறினாரு. "ஏம்மா எஸ்தர், இன்னா வெளையாடறியா? காலைல நீதானே ரிசல்ட் காட்டின? இப்போ இன்னா ப்ரூஃப் இருக்கு?"

"ப்ரூஃப் இல்ல சார். சந்தேகம் இருக்கு. மத்தியானம் வரைக்கும் குடுங்க, ஒண்ணு ப்ரூஃப் காட்றேன், இல்ல வந்து கைய வெக்கிறேன்."

அவரு மூஞ்சி செவந்து போச்சு. ஆனாலும் வெள்ள ஹெல்மெட்ட டீ குடிக்க அழைச்சிக்கினு போயிட்டாரு. அந்த மனுஷன நான் இன்னிக்கும் குத்தம் சொல்ல மாட்டேன், அவரு எடத்துல யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க.

ஓடினேன் மேல. என் ஒடம்புக்கு அந்தப் படியில ஓடினத நினைச்சா இப்பவும் மூச்சு வாங்குது. முரளிகிட்ட பேப்பரக் காட்டினேன். ரெண்டு நம்பரயும் பாத்தான். ஸ்கிரிப்ட் செஞ்சதெல்லாம் வரிவரியா குறிச்சி வெக்கற லாக் ஃபைலத் தொறந்தான். நடுவுல ஒரே ஒரு வரி, மெஷ் தோல்வின்னு. அதுக்குக் கீழ, சமத்தா, அடுத்த கோணத்துக்குப் போறேன்னு.

இன்னா ஆச்சுன்னா, அந்த ஒரு கோணத்துல மட்டும் கொக்கியோட ஓரமும் காது ஓட்டையோட ஓரமும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கினு நிக்குது. நடுவுல முடி மாதிரி ஒரு இடுக்கு, அதுல மெஷ் போட முடியல. தப்பு வந்துச்சி. நிக்காதன்னு சொல்லி வெச்சிருக்கோம், அது நிக்கல. ரிசல்ட் ஃபைலப் படிச்சிது. எந்த ஃபைல்? புதுசா ஒண்ணும் உருவாவலியே, அதனால பழைய கோணத்தோட ஃபைலயே மறுபடி படிச்சி, புது கோணத்தோட பேரப் போட்டு வெச்சிட்டுது. அது பொய் சொல்லல பாவம். நிக்காதன்னா நிக்கல.

முரளி மூஞ்சி செத்துப் போச்சு. "அக்கா, அந்த வரி நான்தானே சேத்தேன். கீழ பசங்க கயிறு புடிச்சிக்கினு நின்னாங்களே"ன்னான். கண்ணுல தண்ணி நிக்குது. "டேய், அழறதுன்னா அப்புறமா அழுவலாம், நானும் வர்றேன். இப்போ மவுசப் புடி"ன்னேன்.

அந்தக் கோணத்துல மெஷ் வுழாதே, அதனால அதுக்குக் கொஞ்சம் இந்தாண்ட ஒரு பாயின்ட், அந்தாண்ட ஒரு பாயின்ட். ரெண்டயும் கையாலயே, பழைய மாதிரி, ஒவ்வொரு பட்டனா தட்டி ஓட்டினோம். முரளி தட்டறான், நான் ஸ்கிரீன்ல வெரல வெச்சி சரி பாக்கறேன். மெஷ் வுழுந்துச்சா, வுழுந்துச்சு. பளு சரியா, சரி. கொக்கி எங்க இழுக்குது, அதோ. வேலை எவ்ளோ முடிஞ்சிதுன்னு காட்டற அந்த பச்சைக் கோடு ஓரத்துலேருந்து ஓரத்துக்கு நகந்து போறத அப்படி ஒரு துடிப்போட நான் பாத்ததே இல்ல. வேர்ல்டு கப்பு ஃபைனல்கூட எனக்கு அப்படி இருந்ததில்ல. கதவாண்ட பாத்தா தாசண்ணனும் வந்து நிக்கிறாரு, நாஷ்டா பொட்டலத்தக் கையில வெச்சிக்கினு, பிரிக்காமலே.

கலர் வந்துச்சி. காது அடியில, வெல்டுக்குப் பக்கத்துல, செவப்பு. விதி சொல்ற அளவத் தாண்டிடுச்சி. தட்டையா இருந்த எடத்துக்கு மேலதான் உண்மையான உச்சி ஒளிஞ்சிக்கினு இருந்திருக்கு.

"கண்டுபுடிச்சிட்டோம்க்கா!"ன்னு முரளி கத்திட்டான். நானும் மேசையத் தட்டிட்டேன். அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் ஒறைச்சிது, நாம இன்னாத்துக்கு சந்தோஷப்படறோம்னு. தாசண்ணன் எங்களயே பாத்துக்கினு இருந்தாரு. பொட்டலத்தப் பிரிச்சி, எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு இட்லி வெச்சாரு.

மேனேஜர் வந்தாரு. பாத்தாரு. நெத்தியத் தேச்சாரு. அவரும் இன்ஜினியருதானே, புரிஞ்சிடுச்சி. ஆனா கிரேன் நிக்குது, ஆளு காத்துக்கினு இருக்காரு. "எஸ்தர், கொஞ்சூண்டுதானே தாண்டியிருக்கு? விதியிலயே பத்திரத்துக்குன்னு எடம் வுட்டுத்தான் எழுதியிருக்கான். ஒடஞ்சிடும்னு சொல்ல முடியுமா உன்னால?"

"முடியாது சார்."

"அப்புறம்?"

"ஒடையாதுன்னும் சொல்ல முடியாது சார்."

இதுக்கு மேல பேசினா சண்டைதான் வரும். அப்போ என் வாயில எப்படி வந்துச்சோ தெரியாது. "ஒண்ணு செய்யலாம் சார். கையெழுத்துப் போடறது நீங்க. இன்னிக்கி நீங்க வந்து கைய வையுங்க. நீங்க வெச்சா தாசண்ணன் தூக்கிடுவாரு"ன்னேன்.

மேனேஜர் ஒரு செகண்டு என்னப் பாத்தாரு. "வா"ன்னாரு.

எறங்கிப் போனோம். விஷயம் அதுக்குள்ள பரவிடுச்சி, ஷாப் மொத்தமும் கூடி நிக்கிது. பசங்க திரும்பவும் வந்து கயித்தப் புடிச்சிக்கினாங்க. எந்தக் கேள்வியும் கேக்கல. தாசண்ணன் விசில எடுத்து கழுத்துல மாட்டிக்கினாரு. மேனேஜருகிட்ட போனாரு. அவரு மரியாதைக்காரரு, எங்ககிட்ட கேக்கற மாதிரி கேக்கல.

"கை வைப்பீங்களா சார்?"

மேனேஜர் டேங்கு கிட்ட போனாரு. கையத் தூக்கினாரு. இரும்புக்கும் அவரு கைக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கும். அப்படியே நின்னாரு. கயிறு புடிச்சிருந்தவங்கள ஒவ்வொருத்தனா பாத்தாரு. அந்தப் பசங்க பேருங்க அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது, ஆனா அன்னிக்கி ஒவ்வொருத்தன் மூஞ்சியயும் பாத்தாரு.

அப்புறம் அந்தக் கைய மடக்கி, பேன்ட் பாக்கெட்டுல வுட்டுக்கினாரு.

"கொக்கியக் கழட்டுங்கப்பா. எஸ்தர், காதுக்கு ரெண்டு பக்கமும் இரும்பு முட்டு குடுத்து டிராயிங் போடு. முரளி, ஒவ்வொரு கோணமும் கையால சரி பாரு. நாளைக்குத் தூக்கலாம். வெள்ள ஹெல்மெட்டுகிட்ட நான் பேசிக்கிறேன்"னாரு. திரும்பி நடந்துட்டாரு. தாசண்ணன் அவரு முதுகப் பாத்து ஹெல்மெட்டக் கழட்டினத நான் பாத்தேன். யாருக்கும் அவரு அப்படிக் கழட்டி நான் பாத்ததில்ல.

அந்தக் காது ஒடஞ்சிருக்குமா மேடம்னு இப்போ யாராவது கேப்பீங்க. எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அத தெரிஞ்சிக்கறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்துச்சி, அந்த வழிக்கு நாங்க போவல.

மறுநாள் முட்டு வெல்டு ஆறினப்புறம் திரும்ப கொக்கி மாட்டினாங்க. தாசண்ணன் என்கிட்ட வந்தாரு. நான் முரளிய முன்னாடி தள்ளி வுட்டேன். "அவன் கணக்குண்ணே, அவனக் கேளு."

முரளி அதுவரைக்கும் யார்டுக்கு எறங்கினதே இல்ல. ஹெல்மெட்டு தலையில நிக்காம ஆடுது. "கை வைப்பியா தம்பி?"ன்னாரு தாசண்ணன். முரளி ரெண்டு கையயும் வெச்சான். ஒண்ணு போதும்டான்னேன், எடுக்க மாட்டேங்கிறான். விசில் கேட்டப்புறம்தான் எடுத்தான்.

தூக்கினாங்க பாருங்க! அந்த குண்டு டேங்கு தூங்கி எழுந்துக்கற ஆளு மாதிரி மெதுவா தலையத் தூக்குது. அந்தக் கோணம் வருது. எனக்கும் முரளிக்கும்தான் அது எந்தக் கோணம்னு தெரியும், என் கைய அவன் நசுக்கிட்டான். தாண்டுச்சி. இன்னும் ஏறுது. நின்னுடுச்சி, நட்டுக்க நிக்கிது! ஷாப்பே கைதட்டுது, கயிறு புடிச்ச பசங்க விசிலடிக்கிறானுங்க, முரளி நைனா நைனான்னு கத்தறான். நான் அழுதுட்டேன், சொல்றதுக்கு எனக்கு இன்னா வெக்கம். வெள்ள ஹெல்மெட்டு கூட தட்டினாரு.

அன்னிக்கி சாயந்தரம் முரளி அந்த 'நிக்காத' வரியத் தூக்கினான். தப்பு வந்தா நின்னு சத்தம் போடற மாதிரி எழுதினான். பழைய ஃபைல ஒவ்வொரு வாட்டியும் அழிச்சிட்டு ஓடற மாதிரி மாத்தினான். அதெல்லாம் நீங்களும் எழுதுவீங்க, உங்களுக்கு நான் கத்துக் குடுக்க வேண்டியதில்ல. கடைசியில மட்டும் ஒரு கேள்வி வெச்சான். இது எதுக்குடான்னேன். "அக்கா, நாளைக்கு ஸ்கிரிப்ட் இன்னும் வேகமா ஓடும். நாம யார்டுக்கு எறங்கறதுக்குள்ள மறந்துடுவோம். தாசண்ணன் இங்கயே வந்து கேக்கட்டும்"னான்.

முரளி இப்போ வேற ஊர்ல பெரிய வேலையில இருக்கான். தாசண்ணன் போன வருஷம் வேலைய வுட்டுட்டாரு, சர்ச்சுல இன்னும் சுதி சேரல. அவரு எடத்துல இப்போ மேஸ்திரி யாரு தெரியுமா? அன்னிக்கி நாஷ்டா துன்னலன்னு என்னக் கலாய்ச்சானே, அவன்தான். பேரு பிரபு. போன வாரம் போண்டா துன்னப்ப பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தான். "மேல இருக்கறவங்க இப்பல்லாம் யார்டுக்கு வர்றதில்ல மேடம். கம்ப்யூட்டர்லயே ஒய் தட்டிட்டோம்னு போன் பண்ணிடறாங்க. நாங்களும் தூக்கிடறோம்"னான்.

நாளைக்குக் காலைல ஒரு லிஃப்ட் இருக்குன்னு வாசல் போர்டுல பாத்தேன். ஒய் தட்டின தங்கச்சி, நீதானே அது? ஒளிஞ்சிக்காத, நான் திட்ட வரல. எழுந்திரு. போர்டுல இருக்கற அந்த டேங்குக்குப் பக்கத்துல நாளைக்குக் கயிறு புடிக்கப் போறவங்க பேரு சொல்லு பாப்போம். தெரியாதா? பரவால்ல, எனக்கும் அன்னிக்கி எல்லார் பேரும் தெரியாது. வா, மீட்டிங் முடிஞ்சதும் ரெண்டு பேரும் கீழ போவலாம், பிரபு எல்லாரயும் காட்டுவான். காட்டிட்டு உன்ன ஒரு கேள்வி கேப்பான். அப்புறமா மேல வந்து, அந்த நம்பருங்கள இன்னொரு வாட்டி பாக்கணுமா வேணாமான்னு நீயே சொல்லு.